ஸ்படிகம் வாங்கும் முன்: மட்டாஞ்சேரிக் கடையில் கேட்க வேண்டிய கேள்வி

மட்டாஞ்சேரி ஜூ டவுனில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயத்துக்குப் போகும் தெருவின் இருபுறமும் பழம்பொருள் கடைகள். மிளகும் சுக்கும் மணக்கும் அந்தத் தெருவில் பித்தளைப் பூட்டு, மரக்குதிரை, பழைய காசு ஆகியவற்றோடு கற்களும் விற்பனைக்கு இருக்கின்றன. ஸ்படிக மாலை, ஸ்படிக உருண்டை, ஊதா நிறச் செவ்வந்திக்கல் கொத்து, பெயர் தெரியாத பச்சைப் படிகம் என்று பலவகை. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்தது "ஒரிஜினலா?" இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது எங்கிருந்து வந்தது? அதை பில்லில் எழுதித் தருவீர்களா?"

ஏனென்றால் கொச்சி மண்ணில் இவை கிடைப்பதில்லை. ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மீதுதான் அந்த ஊரே நிற்கிறது. பச்சையாகவும் வெள்ளையாகவும் கண்ணாடிபோல் மின்னும் அபோஃபிலைட், இளஞ்சிவப்பு ஸ்டில்பைட் போன்றவை மகாராஷ்டிரத்தின் புணே, நாசிக், ஜல்கான் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் ஜல்லிக்குப் பாறை உடைக்கும்போது பொந்துகளுக்குள் கிடைப்பவை. பெரிய செவ்வந்திக்கல் குகைகள் என்றால் பெரும்பாலும் பிரேசில் அல்லது உருகுவே சரக்கு. மட்டாஞ்சேரிக்கு வருவதற்குள் ஒரு கல் பல கை மாறியிருக்கும். வழியில் எங்கோ அதற்கு ஒரு காகிதம் உருவாகியிருக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாத கல்லில்தான் வம்பு.

கீழே கிடந்த கல் யாருடையது?

"கல்தானே, கிடந்தது, எடுத்தேன்" என்று நினைப்பது இயல்பு. கொங்குக் கரட்டில் நடந்தால் காலில் இடறும் வெங்கச்சங்கல்லும் ஸ்படிகமும் ஒரே கனிமம்தான், குவார்ட்ஸ். அதற்கு உரிமையாளர் இருப்பார் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. உரிய அனுமதி இல்லாமல் எந்தக் கனிமத்தையும் தோண்டக் கூடாது; கொண்டுசெல்லவோ சேமித்து வைக்கவோ கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். கருவியையும் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். பொழுதுபோக்காகச் சேர்ப்பவருக்கு இவ்வளவு எடை வரை பரவாயில்லை என்ற விலக்கு இந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையிடம் இருக்கும் பல பொதுநிலங்களில், சொந்தச் சேகரிப்புக்காக நியாயமான அளவு கல் எடுக்க அனுமதி உண்டு. அங்கே எடுத்த யூடியூப் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே உளி, சுத்தியலோடு கிளம்புகிற இளைஞர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டவரை உள்ளே தள்ளியதாக நாம் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கடப்பாரை, சாக்குப்பை, ஜீப் என்று போனால் கதை வேறு.

பட்டா நிலமாக இருந்தால்? இதற்கான முக்கியமான தீர்ப்பு கேரளத்திலிருந்தே வந்தது. மலபார் பகுதி நில உரிமையாளர்கள் தொடர்ந்த திரேசியம்மா ஜேக்கப் வழக்கில், நிலத்துக்குச் சொந்தக்காரரே அடிமண்ணுக்கும் அதிலுள்ள கனிமத்துக்கும் சொந்தக்காரர், சட்டப்படி அந்த உரிமை பறிக்கப்பட்டிருந்தால் ஒழிய, என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 8 அன்று சொன்னது. இதைப் படித்துவிட்டு "என் தோட்டம், என் கல்" என்று இயந்திரத்தை இறக்கிவிடக் கூடாது. சொந்தம் என்பது வேறு, தோண்ட அனுமதி என்பது வேறு. அனுமதியைச் சுரங்க-புவியியல் துறையிடம் வாங்கியே ஆக வேண்டும். அடுத்தவர் நிலத்தில் கல் பொறுக்குகிறவருக்கு இந்தத் தீர்ப்பிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது: நிலக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். புறம்போக்கு என்றால் அரசுதான் நிலக்காரர்.

2025இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை சிறுகனிமப் பட்டியலில் இருந்த குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா, பேரைட்ஸ் நான்கையும் மத்திய அரசு பிப்ரவரி 20 அன்று பெருங்கனிமங்களாக மாற்றி அறிவித்தது. முதல் மூன்றும் விளையும் பெக்மடைட் பாறைகளில்தான் லித்தியம், பெரில், நியோபியம், டான்டலம் போன்றவையும் ஒட்டிக்கொண்டு வரும். சிறுகனிமம் என்ற பெயரில் குத்தகை எடுத்தவர்கள் கூடவே கிடைத்த அரிய கனிமங்களைக் கணக்கில் காட்டுவதில்லை என்பதுதான் அரசு சொன்ன காரணம். சேகரிப்பாளர்கள் ஆசையோடு தேடுவதும் சரியாக அந்த 'கூட்டுக் கனிம' மாதிரிகளைத்தான்: ஸ்படிகத்தின் மேல் உட்கார்ந்த பச்சை பெரில், மைக்காத் தகட்டில் பதிந்த டூர்மலின். நேற்றுவரை அதிகாரிகள் கண்டுகொள்ளாத கல்மேடுகள் இன்று கண்காணிப்புக்குள் வருகின்றன.

காட்டில் விதி இன்னும் கடுமை. காட்டிலிருந்து எடுக்கும் பாறையும் கனிமமும் தேனையும் மரத்தையும்போல வனப்பொருள்தான். 1961ஆம் ஆண்டின் கேரள வனச் சட்டப்படி அவற்றை எடுப்பது குற்றம். சரணாலயம் என்றால் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் வைடூரியம் கிடைப்பதால் அந்தப் பக்கத்துக் காடுகளில் திருட்டுத்தனமாகக் குழி தோண்டியவர்கள் மீது வனத்துறை வழக்குப் போட்டிருக்கிறது. "மலையிலிருந்து நேராக வந்த கல், வெளியே சொல்லாதீங்க" என்று கிசுகிசுக்கும் வியாபாரி உங்களுக்குச் சலுகை தரவில்லை, தன் வழக்கில் உங்களையும் சேர்க்கிறார். கொல்லம் அருகே சவறைக் கடற்கரைக் கருமணலைப் பாட்டிலில் அடைத்து நினைவுப்பொருளாகக் கொண்டுவருவதும் வேண்டாம். அதில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கனிமம்.

பட்டணத்து மணிகள்

கொச்சிக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில், வடக்குப் பறவூருக்கு அருகே பட்டணம் என்ற சிற்றூர். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் அங்கே அகழாய்வு நடத்தியது. பழைய முசிறித் துறைமுகம் இதுதான் என்று ஆய்வாளர் பலர் கருதும் இடம். ஸ்படிகம், பெரில், செவ்வந்திக்கல், சூதுபவளம் எனக் கல்மணிகள் அங்கே கிடைத்தன. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் இதே கற்களைத் துளைத்து மணி செய்த பட்டறைகள் வெளிப்பட்டிருப்பதால், கொங்குக்கும் முசிறிக்கும் இருந்த கல் வணிகத்தை ஊகிப்பது கடினமில்லை. மழைக்குப் பின் இத்தகைய மண்ணில் மணிகள் தானாகத் தலைகாட்டும். அப்படி ஒன்று கையில் கிடைத்தால் அது உங்கள் சேகரிப்புக்கு உரியதல்ல. மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது புதையல் சட்டம். கேரளத்துக்கு 1968இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

கடையில் "முசிறி மணி", "ஆயிரம் வருடத்துப் பாசி" என்று விற்றால் இரண்டே வாய்ப்புகள். உண்மையாக இருந்தால், 100 ஆண்டு தாண்டிய அது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்: விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது, மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. சிங்கப்பூர், மலேசியா, கனடாவிலிருந்து வந்து போகும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விமான நிலையத்தில் சந்தேகம் எழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பழையது போலத் தோன்றும் புதுப் பொருளாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கலாம்.

இரண்டாவது வாய்ப்பு, பொய். அதுதான் அதிகம். 2021 செப்டம்பரில், கொச்சியில் வைத்து நடத்திய பழம்பொருள் மோசடி பற்றிய புகாரில் மோன்சன் மாவுங்கல் கைதானபோது, மோசேயின் கோல் என்றும் திப்புவின் சிம்மாசனம் என்றும் காட்டப்பட்டவற்றைக் கேரளமே பார்த்துச் சிரித்தது. அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் பெரிய அதிகாரிகளும் உண்டு. பதவியும் படிப்பும் பழம்பொருள் ஆசையிலிருந்து காப்பாற்றுவதில்லை.

கண்ணாடியா, ஸ்படிகமா?

போலி புதிதல்ல. ஸ்படிகத்துக்குச் சாயமேற்றி பெரில் என்று காட்டும் வித்தை இந்தியர்களுக்குத் தெரியும் என்று ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். முசிறியைப் பற்றியும் எழுதியவர் அவர்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடியவை சில உண்டு. ஸ்படிகம் தொட்டால் சில்லென்று இருக்கும், கையில் வைத்தாலும் சூடேற நேரமாகும். லென்ஸில் பார்த்தால் உருண்டையான காற்றுக்குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி. ஸ்படிக உருண்டையை ஒரு தலைமயிரின் மேல் வைத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான கோணங்களில் மயிர் இரண்டாகத் தெரியும். கண்ணாடி உருண்டையில் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த செயற்கை ஸ்படிகம் இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறிவிடும். விலை பெரிதென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். அந்தச் சான்றிதழையும் கொடுத்த கூடத்திடம் எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள்.

சந்தையில் சிட்ரின் என்று விற்கும் மஞ்சள் ஸ்படிகத்தில் பெரும்பங்கு, சூளையில் சூடேற்றிய செவ்வந்திக்கல். வானவில் நிறத்தில் மினுங்கும் ஸ்படிகத்தின் மேல் இருப்பது உலோகப் பூச்சு. பாலாடை நீலத்தில் ஒளிரும் 'ஓபலைட்' வெறும் கண்ணாடி. சூடேற்றுவதும் பூச்சிடுவதும் குற்றமல்ல. மறைத்து விற்பதுதான் குற்றம்.

ஜபத்துக்கு ஸ்படிக மாலை போடுவது அவரவர் நம்பிக்கை, அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை. "இது சர்க்கரையைக் குறைக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், புற்றுநோய் ஆறும்" என்று சொல்லி விற்றால் அது வேறு. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர வைத்திய விளம்பரச் சட்டம், தாயத்து, கவசம், மந்திரப் பொருள் எதையும் இந்த நோய்களுக்குத் தீர்வாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அட்டையில் ஒட்டிய சீட்டும், வாயால் செய்யும் அறிவிப்பும் அந்தச் சட்டப்படி விளம்பரமே. முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை. இப்படி ஒரு சீட்டைப் பார்த்தால் படம் எடுத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கோ காவல் நிலையத்துக்கோ கொடுக்கலாம். அதைவிட முக்கியம், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உடலுக்கு வரும் ஆபத்தும் உண்டு. கல்லை ஊறவைத்த தண்ணீரைக் குடிக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. ஸ்படிகம் தண்ணீரில் கரையாது. ஆனால் கொத்தாக வரும் மாதிரியில் ஈயம் உள்ள கலேனா, பாதரசம் உள்ள சின்னபார், ஆர்சனிக் உள்ள ரியால்கர் ஒட்டியிருந்தால் உள்ளே போவது விஷம். இரும்புக்கறை நீக்க ஆக்ஸாலிக் அமிலம் பயன்படுத்துகிறவர்கள் கையுறை போட்டு, பிள்ளைகள் எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது. ஜன்னலோரம் வைத்த ஸ்படிக உருண்டை வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கும் என்பது கதையல்ல, வெளிநாட்டுத் தீயணைப்புத் துறைகள் பலமுறை எச்சரித்த விஷயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தூசி. குவார்ட்ஸை உலர்வாக அறுத்தால், தேய்த்தால் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தரும், குணப்படுத்த மருந்தில்லை. குஜராத்தின் காம்பாத்தில் அகேட் கல் தேய்க்கும் குடும்பங்களை அது பல தலைமுறையாக அரிக்கிறது. அதே மாநிலத்தின் கோத்ரா பக்கத்துக் குவார்ட்ஸ் அரைவை ஆலைகளில் வேலை செய்து இறந்த 238 மத்தியப் பிரதேசத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு, ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் உத்தரவிட்டது. வீட்டில் கல் அறுப்பவர்கள் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும், என்95 முகக்கவசம் போட வேண்டும். துணிக் கர்ச்சீப் போதாது. பட்டறைத் தொழிலாளியாக இருந்தால், சிலிகோசிஸ் சட்டம் ஏற்ற தொழில்நோய். இழப்பீடு கேட்க உரிமை உண்டு. மூச்சிரைப்பு வந்தால் டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். காசநோய் என்று தவறாக எழுதிவிடும் வாய்ப்பு அதிகம்.

ஏமாந்துவிட்டால்?

பில் கேட்டபோதே "பில் போட்டா விலை கூடும்" என்றார்களா? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். பில்லில் வெறுமனே 'கல்' என்று எழுதவிடாதீர்கள். இயற்கை ஸ்படிகம், சூடேற்றியது அல்லது சூடேற்றாதது, எடை, எங்கிருந்து வந்தது, இவ்வளவும் இருக்க வேண்டும். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க பில்லில் காலக்கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்களுக்குள் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். மறுப்பதும் முறையற்ற வணிகம்தான்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பாவது அனுப்பிப் பதிலைச் சேமியுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடை மட்டாஞ்சேரியில் இருக்கிறது, எர்ணாகுளத்துக்கு யார் அலைவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே போடலாம், இணையவழியிலும் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லையும் கல்லையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.