குழாயைத் திறந்தால்… (7): பாலுக்கு ஆசிட், ஆற்றுக்குப் படிகாரம்

போன வாரம் கூரைத் தொட்டியின் மூடியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டோம். அதற்கு முந்தைய வாரம் குளோரின். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் எந்த வாட்டர் ஃபில்டரை வாங்கலாம் என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியரும் மறக்காமல் கேட்டுவிட்டார். எழுதத்தான் உட்கார்ந்தேன், ஒரு பெரியவர் வந்து திசை திருப்பிவிட்டார்.

ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்தவர் அவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயமும் போய், இப்போது தாமான் வீட்டில் மகனோடு இருக்கிறார். ஆற்றுத் தண்ணீரை ஆலையில் எப்படித் தெளிய வைக்கிறார்கள் என்று நான் விளக்கப் போக, பாதியிலேயே கையமர்த்தினார்.

"அட, நம்ம பாலுக்கு ஆசிட் ஊத்துற மாதிரிதானே தம்பி?"

மாதிரி என்ன ஐயா, அதுவேதான்!

பால்மரத்துப் பாலில் ரப்பர், கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வைக்கு எதிர் மின்னூட்டம் உண்டு. ஒரே ஜாதி மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் துளிகள் ஒட்டுவதில்லை. அம்மோனியா ஊற்றினால் பால் கெடாது, தள்ளுமுள்ளும் குறையாது. லோரியில் ஏற்றி எவ்வளவு தூரமும் அனுப்பலாம். ஃபார்மிக் ஆசிட்டை ஊற்றுங்கள், மின்னூட்டம் அடங்கிவிடும். துளிகள் முட்டி, ஒட்டி, தட்டு நிறைய வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும். அப்புறம் மிஷினில் விட்டு ஷீட் அடிக்க வேண்டியதுதான்.

இனி ஆற்றுக்கு வருவோம். மழைக்கு மறுநாள் பேராக் ஆற்றில் ஒரு வாளி மொண்டு வைத்தால் மணல் உடனே அடியில் படியும். களிமண் படியாது. அதன் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது, அதன் மேலும் எதிர் மின்னூட்டம். நாள்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். கிருமியும் பல நேரம் அந்தத் துகளைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்கிறது. குடிக்கிற தண்ணீரில் ஆசிட்டைக் கொட்ட முடியாதே. அதனால் ஆலையில் படிகாரத்தின் பங்காளியான அலுமினியம் சல்பேட்டைச் சேர்க்கிறார்கள், அல்லது அதன் நவீன உறவான பாலி அலுமினியம் குளோரைடை.

அலுமினியம் ஏன்? அதன் அயனிக்கு மூன்று நேர் மின்னூட்டம். சாப்பாட்டு உப்பிலுள்ள சோடியத்துக்கு ஒன்றுதான். மூன்று என்றால் மூன்று மடங்கு வேலை செய்யும் என்றுதானே நினைப்போம்? 1882-இல் ஹான்ஸ் சூல்ட்சே என்ற ஜெர்மானியரும், 1900-இல் வில்லியம் ஹார்டி என்ற ஆங்கிலேயரும் கண்ட விதி வேறு கதை சொல்கிறது. மின்னூட்டம் கூடக் கூட, உறையவைக்கும் சக்தி தாறுமாறாக ஏறுகிறது. பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்கில் அது ஆறாம் அடுக்கு. மூன்றை ஆறு முறை பெருக்கிப் பாருங்கள், 729! சோதனையில் அளந்தால் முன்பின் இருக்கும், ஆனாலும் நூற்றுக்கணக்கான மடங்கு என்பதில் மாற்றமில்லை. இந்த எண் இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பாகான் டத்தோ பக்கம் ஆறு கடலைத் தொடும் இடத்தில் சேறு திட்டுத் திட்டாகப் படிவதற்குக்கூட இதே விதி ஒரு காரணம். கடலுப்புக்கு வீரியம் குறைவு, அதை அளவால் ஈடுகட்டிவிடுகிறது.

எவ்வளவு மருந்து போடுவது என்பதற்கு ஆலையில் ஒரு சோதனை இருக்கிறது. ஆறு கண்ணாடிக் குவளைகளில் அன்றைய ஆற்றுத் தண்ணீர், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு மருந்து, ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு. முதலில் ஒரு நிமிடம் வேகமாகச் சுழலும், பிறகு மெதுவாக. கலங்கல் நடுவே முதலில் ஒன்றுமே தெரியாது. திடீரென்று ஊசிமுனை அளவில் பொட்டுகள் தோன்றும், அவை ஒன்றோடொன்று சேர்ந்து பஞ்சுபோல் உப்பும். துடுப்பு நின்றதும் பஞ்சு கீழே இறங்க, மேலே தெளிந்த நீர். எந்தக் குவளை நன்றாகத் தெளிந்ததோ அந்த அளவுதான் அன்றைக்கு. மழை பெய்து ஆறு கலங்கினால் மறுபடி முதலிலிருந்து. மிச்ச அலுமினியம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தரம். அளவு தவறினால் என்ன ஆகும்? 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டில் ஒரு லோரிக்காரர் 20 டன் அலுமினியம் சல்பேட்டைத் தவறான தொட்டியில் இறக்கிவிட்டுப் போனார். ஊரே அதைக் குடித்தது. அது தனிக் கதை, இன்னொரு வாரம்.

நம் வீட்டுக் கொல்லை மருந்து ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைப்பது கலித்தொகைக் காலத்துப் பழக்கம். முருங்கை விதையும் அதே வேலையைச் செய்யும். சூடான் பெண்கள் நைல் நதித் தண்ணீரை முருங்கை விதைப் பொடியால் தெளியவைப்பதை சமியா அல் அஸரியா யான் என்ற விஞ்ஞானி 1970-களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். விதையில் இருப்பது நேர் மின்னூட்டம் கொண்ட சிறு புரதம். லயத்துக்கு லயம் முருங்கை நட்டோம், கீரையும் காயும் பறித்தோம், முற்றிய விதையைத் தூக்கிப் போட்டோம்! ஆனால் இன்றைக்கே பொடித்துக் கலக்கிவிடாதீர்கள். விதையின் மற்ற சத்துகளும் தண்ணீரில் தங்கி, கிருமிக்குத் தீனியாகும். வைத்துக் குடிக்க ஆகாது.

இவ்வளவையும் எதற்கு இழுத்தேன் என்றால், ஃபில்டர் விற்க வருகிறவர் உங்கள் மேசையில் காட்டும் வித்தையும் இதே பாடம்தான். இரண்டு கிளாஸ்: ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய ஆர்.ஓ. ஃபில்டர் தண்ணீர். உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுக்கிறார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, பச்சை ஓடி, அருவருப்பான நுரை கட்டுகிறது. ஆர்.ஓ. தண்ணீர் அசையாமல் நிற்கிறது. "இதைத்தான் அக்கா பிள்ளைங்களுக்குக் குடுக்கிறீங்க" என்கிறார். அக்கா அரண்டுபோய்க் கையெழுத்துப் போடுகிறார், மாதம் இவ்வளவு வெள்ளி என்று.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததே இல்லை. இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து, துருவாகப் பஞ்சு கட்டியது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு, மக்னீசியம் போன்ற சாதாரண உப்புகள் கொஞ்சம் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகமிகக் குறைவு, மின்சாரமும் அவ்வளவாகப் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை அவர் வந்தால், சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து அவருடைய கிளாஸில் போட்டு, மறுபடி காட்டச் சொல்லுங்கள். டி.டி.எஸ். மீட்டரும் இதே ரகம்தான். கரைந்த உப்பைச் சொல்லும், கிருமியையோ ஈயத்தையோ சொல்லாது.

தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திறந்ததும் மைலோ நிறத்தில் வருகிறதே, அது நிஜப் பழுப்பு. அதற்குப் பெரும்பாலும் ஆற்றுச் சேறு காரணமல்ல. பழைய குழாயின் உட்சுவரில் படிந்த இரும்பும் மாங்கனீசும் அழுத்தம் மாறும்போது பெயர்ந்து வருகின்றன. இதற்கு ஆர்.ஓ. தேவையில்லை, வண்டலைப் பிடிக்கும் ஃபில்டர் போதும்.

ஃபில்டர் பட்டியலுக்கு இந்த வாரம் இடமில்லை, ஆசிரியர் பொறுத்துக்கொள்ளட்டும். அதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள். வீட்டு வாசலில் மீட்டரை அடுத்து ஆளுயர ஃபில்டர் வைத்திருப்பவர்கள், உள்ளே மணல் மட்டும் இருக்கிறதா, கார்பனும் சேர்ந்திருக்கிறதா என்று பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிருமியைக் கொல்லும் குளோரினைக் கார்பன் தின்றுவிடும். குளோரின் இல்லாத தண்ணீர்தான் பிறகு உங்கள் கூரைத் தொட்டியில் ஏறி, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது.

(தொடரும்)