தடகளத்தில் யார் வென்றது?

தடகளப் போட்டியில் ஓட்டத்துக்கு நேரம், தாண்டுதலுக்கும் எறிதலுக்கும் அளவு, பள்ளிகளுக்குப் புள்ளி என மூன்று கணக்குகள் நடக்கின்றன. திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு முதல் களம் குறுவட்டப் போட்டி. அங்கிருந்து மாவட்டம், மாநிலம் என்று மேலே போகப் போகக் கருவிகள் மாறும். கணக்கின் அடிப்படை மாறாது.

ஸ்டாப்வாட்சில் நேரம் எடுப்பவர் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல. 100 மீட்டரைக் கடந்து சத்தம் வருவதற்குள் ஏறக்குறைய 0.3 நொடி போய்விடும். ஒருவருக்கு மூன்று பேர் நேரம் எடுத்தால், இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகும் நேரமே செல்லும். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளது. எல்லைக்கோட்டில் கணக்காவது உடற்பகுதி மட்டும். தலை, கை, கால் முந்தினால் பயனில்லை. கை நேரம் 0.1 நொடிக்கு மேல்நோக்கி முழுமையாக்கப்படும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் வந்து, 0.01 நொடியில் வெண்கலத்தை இழந்தார். கைக் கடிகாரக் கணக்கில் இருவர் நேரமும் 55.5 என்றே பதிவாகியிருக்கும்.

அதிகக் கவனம் கேட்பது உயரம் தாண்டுதல் தாள். தாண்டினால் வட்டம், தட்டிவிட்டால் பெருக்கல் குறி, அந்த உயரத்தை விட்டுவிட்டால் சிறு கோடு. இரண்டு மாணவிகள் 1.40 மீட்டர் தாண்டி, 1.45இல் மூன்று முறையும் தட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 1.40ஐ முதல் முயற்சியிலேயே தாண்டியவர் முன்னால் வருவார், அதற்கு முந்தைய உயரங்களில் அவர் கூடுதலாகத் தட்டியிருந்தாலும் சரி. அதிலும் சமம் என்றால்தான் அதுவரை தட்டியவற்றின் மொத்தம் எண்ணப்படும். ஒரு குறி கட்டம் மாறி விழுந்தால் ஒரு பிள்ளையின் மாவட்ட வாய்ப்பே போய்விடும் என்பதால், குறித்ததை உடனே வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். முதலிடம் அப்போதும் சமமானால் மீண்டும் தாண்ட வைப்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2.37 மீட்டரில் சமமாக நின்ற கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் அதை வேண்டாமென்று தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நீளம் தாண்டுதலில் சிறந்த தாண்டல் சமமானால் இரண்டாவது சிறந்த தாண்டல் முடிவு செய்யும். காற்றையும் எழுதி வைக்க வேண்டும். 2022 ஃபெடரேஷன் கோப்பையில் தமிழகத்தின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். கேரளத்தின் ஸ்ரீசங்கர் 8.36 தாண்டினார். தேசிய சாதனை ஸ்ரீசங்கருக்கே போனது. ஜெஸ்வினுக்குப் பின்னிருந்து வீசிய காற்று நொடிக்கு 4.1 மீட்டர், சாதனைக்கான வரம்பு 2 மீட்டர். பதக்கத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது.

பள்ளிப் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்கு வழக்கமாக 5, 3, 1 புள்ளிகள். இவற்றை வயதுப் பிரிவுவாரியாகக் கூட்டித்தான் தனிநபர் சாம்பியனும், ஒட்டுமொத்த சாம்பியன் பள்ளியும் அறிவிக்கப்படுகின்றனர். முடிவில் ஐயம் இருந்தால், உலகத் தடகள விதிப்படி அறிவித்த 30 நிமிடத்துக்குள் முறையீடு செய்ய வேண்டும். அந்த நேரம் முடியும்வரை மூலத் தாள்களைப் பத்திரமாகக் கையில் வைத்திருப்பது புள்ளி எழுதுபவரின் பொறுப்பு.