மலிவு விலை, கோணல் முகம்: சுடுமா, சொதப்புமா?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் இயங்கும் ஹை-பாயின்ட் நிறுவனம், தன் புதிய 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்குப் பெயர் வைக்கும் வேலையை 2019-இல் சமூக வலைதளத்தில் ரசிகர்களிடமே ஒப்படைத்தது. வாக்குகள் ‘யீட் கேனன்’ என்ற பெயருக்குக் குவிந்தன. அது பாராட்டு அல்ல, நக்கல். இந்தத் துப்பாக்கி சுடுவதற்கு லாயக்கில்லை, தூக்கி எதிரியின் மண்டையில் எறியத்தான் லாயக்கு என்பது அதன் பொருள். முகம் சுளித்த நிறுவனம் முதலில் அந்தப் பெயரைப் போட்டியிலிருந்து தூக்கியது. ரசிகர்கள் விடவில்லை. கடைசியில் நிறுவனமே இறங்கிவந்து, பெயரைச் சுருக்கி ‘ஒய்சி9’ என்று வைத்துக்கொண்டது.

ஹை-பாயின்ட் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேலி எளிதில் புரியும். கைப்பிடிக்கு மேலே செங்கல்லை வைத்துத் திருகியது போன்ற தோற்றம். பெயர்பெற்ற க்ளாக் துப்பாக்கி ஐந்நூறு டாலரைத் தாண்டும் கடையில், இது பெரும்பாலும் இருநூறு டாலருக்குள் கிடைக்கும். துப்பாக்கிப் பிரியர்கள் கூடும் இடத்தில் இதன் பெயரை எடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ‘குப்பை’ என்பது ஒரு கட்சி. ‘அசிங்கம்தான், ஆனால் சுடுகிறதே’ என்பது இன்னொரு கட்சி.

இந்தச் சண்டை முடிவுக்கு வராததற்குக் காரணம், நான்கு வேறு கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதுதான். பார்க்க நன்றாக இருக்கிறதா? சிக்காமல் சுடுகிறதா? சுட நினைக்காதபோது சும்மா இருக்கிறதா? யார் கைக்குப் போய்ச் சேருகிறது? ஒன்றுக்கான பதில் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

அழகின்மைக்குப் பின்னால் இயற்பியல்

தோட்டா வெடிக்கும்போது குண்டு முன்னே பாய்கிறது. அதே விசை பின்பக்கமும் தள்ளுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறி உள்ளழுத்தம் தணியும்வரை குழலின் பின்வாசல் திறக்கக் கூடாது. திறந்தால் வெடிவாயு சுடுபவர் பக்கமே சீறும். இதைத் தடுக்க, பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களில் குழலும் அதன்மேல் சறுக்கும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து சற்றுப் பின்னால் வந்த பிறகே குழல் சாய்ந்து பூட்டு விடுபடும். ஜான் பிரவுனிங் வகுத்துத் தந்த இந்த ஏற்பாட்டுக்குத் துல்லியமான கடைசல் வேலை தேவை. துல்லியம் என்றால் செலவு.

ஹை-பாயின்ட் அந்தப் பூட்டையே வைக்கவில்லை. குழல் அசையாமல் நிற்கிறது. பின்வாசலை மூடி வைத்திருப்பது ஸ்லைடின் எடையும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே. சிறிய தோட்டாவுக்கு இலேசான ஸ்லைடு போதும். 9 மி.மீ. தோட்டாவுக்குக் கனமான ஸ்லைடு வேண்டும். அதையும் எஃகில் கடையாமல், ஸாமக் என்ற துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்க்கிறார்கள். துத்தநாகக் கலவை எஃகைவிட அடர்த்தி குறைந்தது, வலுவும் குறைந்தது. அதே எடையும் உறுதியும் வேண்டுமானால் உருவம் பெருத்தே தீர வேண்டும். அந்தச் செங்கல் தோற்றம் இப்படி வந்ததுதான். காலியாக இருக்கும்போதே, ஒய்சி9-க்கு முந்தைய சி9 மாடல் ஏறக்குறைய 820 கிராம். மேகசினில் எட்டுத் தோட்டா. ஏறக்குறைய 600 கிராம் எடையுள்ள க்ளாக் 19 பதினைந்து தோட்டாக்களைச் சுமக்கிறது.

சுத்தம் செய்யக் கழற்றுவதும் தொல்லைதான். க்ளாக்கைக் கருவி எதுவும் இல்லாமல் நொடிகளில் பிரிக்கலாம். சி9-இல் ஒரு முள்ளைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றியாக வேண்டும். சுடும்போது வரும் சிக்கல்களில் பெரும்பங்கு மேகசினுடையது. அதன் மேல்விளிம்பு சற்று வளைந்திருந்தாலும் தோட்டா தவறான கோணத்தில் மேலேறி முட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் குறைகளையெல்லாம் மீறி, தாங்குதிறனைச் சோதிப்பதற்காகவே இதை எடுத்துச் சுட்டுப் பார்த்த பலர், எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சுடுகிறது என்றே சொல்லியிருக்கிறார்கள். நிறுவனமும் எத்தனை கை மாறிய துப்பாக்கியாக இருந்தாலும், கேள்வி கேட்காமல் ஆயுட்காலம் முழுக்கப் பழுது பார்த்துத் தருவதாக உறுதி தருகிறது.

ஆகவே, முதல் கேள்வியில் ஹை-பாயின்ட் தோற்கிறது. இரண்டாவதில் ஓரளவு தேறுகிறது. அப்படியானால் மலிவுத் துப்பாக்கிக்கு இவ்வளவு கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது?

ஒரு குடும்பம், ஒரு வட்டாரம்

1968-இல் ராபர்ட் கென்னடியும் மார்ட்டின் லூதர் கிங்கும் சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்டிலேயே அமெரிக்கா துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. விளையாட்டுக்கு உதவாத மலிவுக் கைத்துப்பாக்கிகள் வெளிநாட்டிலிருந்து வருவதை அது அடைத்தது. ஆனால் உதிரி பாகங்களை இறக்கி உள்ளூரில் பொருத்துவதையும், உள்ளூரிலேயே தயாரிப்பதையும் அது தொடவில்லை. வாசலை மூடிவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கதை.

ஜெர்மனியின் ரோம் நிறுவனம் பாகங்களை அனுப்பி மயாமியில் ரிவால்வராகப் பொருத்தியது. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ஜனாதிபதி ரீகனை நோக்கிப் பாய்ந்த குண்டுகள் அத்தகைய ஒரு .22 ரிவால்வரிலிருந்து வந்தவை. டல்லாஸ் அடகுக்கடையில் அதன் விலை 47 டாலர். மலிவுத் துப்பாக்கி தக்க சமயத்தில் சுடாது என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய விவரம்: அன்று இரண்டு நொடிக்குள் ஆறு தோட்டாக்களும் வெடித்தன.

உள்நாட்டுத் தயாரிப்பு என்ற இன்னொரு வழியில் நுழைந்தவர் கலிஃபோர்னியாவில் எந்திரப் பட்டறை நடத்திய ஜார்ஜ் ஜென்னிங்ஸ். 1970-இல் அவர் தொடங்கிய ரேவன் நிறுவனம், துத்தநாகக் கலவையில் வார்த்த .25 பிஸ்டலைச் சந்தைக்கு விட்டது. பிறகு மகன் ஒரு நிறுவனம், மருமகன் ஒரு நிறுவனம், மகனின் நண்பர் ஒரு நிறுவனம் என்று லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி ஒரு வட்டமே கிளைத்தது: ரேவன், ஜென்னிங்ஸ், பிரைக்கோ, டேவிஸ், லார்சின். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அவசர சிகிச்சை மருத்துவர் கேரன் வின்டமியூட் 1994-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இவற்றுக்கு ‘ரிங் ஆஃப் ஃபயர்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

தோட்டாவை எடுக்கப் போய்...

அதே 1994-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் நடந்தது இது. ஏழு வயதுச் சிறுவன் இருந்த வீட்டில், குடும்ப நண்பர் ஒருவர் பிரைக்கோ பிஸ்டலிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்க முயன்றார். அந்த மாடலில் சேஃப்டி பூட்டு போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. தோட்டாவை எடுக்க வேண்டுமானால், சுடத் தயாரான நிலைக்குப் பூட்டைத் தள்ளியாக வேண்டும். தள்ளினார். குண்டு பாய்ந்தது. சிறுவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது.

பாதுகாப்புக்கான பூட்டு ஏன் இப்படித் தலைகீழாக வைக்கப்பட்டது? பூட்டுப் போட்ட நிலையில் ஸ்லைடை இழுத்தால் தோட்டா சிக்கிக்கொண்டது. அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல், ஸ்லைடையே நகரவிடாமல் செய்து மறைத்தார்கள் என்று சிறுவன் தரப்பு வாதாடியது. 2003-இல் நடுவர் குழு நிறுவனத்தையும் அதன் பின்னணியில் இருந்தவர்களையும் பொறுப்பாக்கியது. அவர்கள் பங்குக்கு மட்டும் இழப்பீடு சுமார் 2.4 கோடி டாலர். பிரைக்கோ திவால் மனு கொடுத்தது. 2004-இல் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தபோது, வளர்ந்திருந்த அந்தப் பையன் நன்கொடை திரட்டி ஏலம் கேட்டான். துப்பாக்கிகளை உருக்கி அழிப்பது அவன் திட்டம். 5,10,000 டாலருக்கு ஏலத்தை எடுத்ததோ அதே தொழிற்சாலையின் முன்னாள் மேற்பார்வையாளர். வேறு பெயரில் உற்பத்தி தொடர்ந்தது.

சுடாமல் சிக்கிக்கொள்வது சுட்டவருக்குத் தலைவலி. சுட நினைக்காதபோது சுட்டுவிடுவது பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து. ‘நம்பகம்’ என்று பேசும்போது முதலாவதை மட்டுமே பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

உருக்கிப் பார்க்கும் சட்டம்

மாநிலங்கள் இதைத் தடுக்கக் கையாண்ட வழிகள் விசித்திரமானவை. இல்லினாய், தென் கரோலினா போன்ற மாநிலங்கள் துப்பாக்கி உலோகத்தின் உருகுநிலையைப் பிடித்துக்கொண்டன. 800 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 427 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகக் கூடாது என்றன. ஸாமக் 380 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். ஆபத்தைச் சோதிக்காமல் உலோகத்தைச் சோதிக்கும் சட்டம் இது. தவறி விழுந்தால் வெடிக்கும் எஃகுத் துப்பாக்கி இதில் தப்பிவிடும்.

கலிஃபோர்னியா 1999-இல் இயற்றிய சட்டம் இதைவிட அறிவார்ந்தது. துப்பாக்கியை ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து ஆறு விதமாகக் கான்கிரீட்டில் போட வேண்டும்; வெடிக்கக் கூடாது. 600 தோட்டாக்களைச் சுட வேண்டும். முதல் இருபதில் ஒரு தடங்கலும் கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. விலையையும் அழகையும் பற்றி அங்கே கேள்வியே இல்லை.

விலையை வைத்துத் தடுப்பதில் வேறு ஆபத்தும் உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின், 1879-இல் டென்னசி மாநிலம் ராணுவ, கடற்படை மாடல் ரிவால்வர்களைத் தவிர மற்ற கைத்துப்பாக்கிகளின் விற்பனைக்குத் தடை போட்டது. அனுமதிக்கப்பட்டவை விலை கூடியவை. விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடமும் ஏழை வெள்ளையர்களிடமும் அவற்றை வாங்கக் காசில்லை. மலிவுத் துப்பாக்கித் தடை என்றாலே சிலர் இன்றும் கொதிப்பதற்கு இந்த வரலாறு ஒரு காரணம்.

விலை கூடினால் குற்றம் குறையுமா?

விலை கூடிய துப்பாக்கி எல்லாம் உத்தமம் என்றும் சொல்ல முடியாது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் நிறுவனத்தின் பி320-ஐ அடிப்படையாகக் கொண்ட பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தத்தின் உச்ச மதிப்பு 58 கோடி டாலர். அதே ஆண்டு ஆகஸ்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று தனியார் சோதனைகள் காட்டின. நிறுவனம் விசையை இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை அறிவிக்க வேண்டிவந்தது.

நான்காவது கேள்விதான் மிகவும் கனமானது. 1990-களில் குற்றம் நடந்த இடங்களில் சிக்கி அரசு தடம் பிடித்த துப்பாக்கிகளில் லார்சின் .380 முன்வரிசையில் இருந்தது. 1999-இல் கொலம்பைன் பள்ளிப் படுகொலையில் பயன்பட்ட ஆயுதங்களில் ஹை-பாயின்டின் கார்பைன் என்ற குட்டை ரைஃபிளும் ஒன்று. 2003-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு பள்ளி மாணவரைத் துளைத்த குண்டும் ஹை-பாயின்டிலிருந்து வந்தது. அதைக் கடத்தியவர்கள் ஓஹியோவில் ஒரே கண்காட்சியில் 87 கைத்துப்பாக்கிகளை மொத்தமாக வாங்கியிருந்தார்கள். ஒரே ஆளுக்காக 87 துப்பாக்கி விற்கப்படும்போது, அந்தத் துப்பாக்கி சிக்காமல் சுடுகிறதா என்பது இரண்டாம்பட்சம். விற்ற ஓஹியோ வியாபாரியை நியூயார்க் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்று அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

ஆக, ஹை-பாயின்டைக் குப்பை என்று ஒதுக்குவதும் தவறு, சுடுகிறது என்பதற்காக மெச்சிக்கொள்வதும் தவறு. அதன் கோணல் முகம் யாருக்கும் கேடு செய்யவில்லை. கேடு செய்தவை, பிரைக்கோவின் பூட்டைப் போன்ற வடிவமைப்பும் 87 துப்பாக்கிகளை ஒரே நாளில் கைமாற்றிய விற்பனையும். அவற்றில் வடிவமைப்பைச் சோதிக்கும் அதிகாரம் கூட்டாட்சி அரசின் நுகர்வோர் ஆணையத்திடம் இல்லை. 1972-இன் நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கிகளை விலக்கி வைத்தது. அதனால் பழுதான பொம்மைத் துப்பாக்கியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட முடிந்த அந்த ஆணையத்தால், பழுதான உண்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்ல இன்றுவரை முடியவில்லை.