கையெழுத்துப் போடும் முன்னே நாலு கேள்வி



பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து புறப்படும் நேரத்தில், உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"தலைவரே, நாங்க வாங்காத கடனுக்குக் காயிதம் வந்திருக்குதுங்க. மவன் படிப்பை விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு."

பிரித்துப் படித்தோம். மகன் பெயரில் கல்விக் கடன், தவணை கட்டவில்லை, உடனே தொடர்பு கொள்ளவும் என்று இருந்தது. பையனைக் கூப்பிட்டு விசாரித்தோம். எஸ்.பி.எம். எழுதி வீட்டில் இருந்த சமயம், கோயில் திருவிழாவுக்கு ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் ஆள் வந்தாராம். "குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் படிப்பு. ஒரு காசு செலவில்லை. எல்லாம் அரசாங்கமே கட்டுது" என்றாராம். பையனும் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். போய்ப் பார்த்தால் நாற்பது பேருக்கு இரண்டே மெஷின். ஐந்தாம் மாதம் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அந்த ஆள் சொன்னதில் பாதி உண்மை. அரசாங்கம் கட்டியது நிஜம்தான். ஆனால் கட்டியது கடனாக! இந்த மீதிப் பாதியைத்தான் அவர் சொல்லவில்லை.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "கடனே வேண்டாம் சாமி, பிள்ளை நம்மோடு காட்டுக்கே வரட்டும்" என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம். நாமும் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்தாம். நம் காலத்தில் படிப்பு ஏறவில்லை என்றால் வாளியைத் தூக்கு என்பார்கள். மூன்றாவது வழி ஒன்று இருப்பதை யாரும் சொன்னதில்லை. இன்று அந்த வழி இருக்கிறது. அதன் பெயர் கைத்தொழில்.

மனிதவள அமைச்சின் கீழ் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் என்று ஒன்று இயங்குகிறது. பி.டி.பி.கே. என்பார்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. எஸ்.கே.எம். என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் படிக்கும் பிள்ளைகளுக்கு அது கடன் கொடுக்கிறது. இந்தச் சான்றிதழில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் உண்டு. நான்காவது படி திறன் டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. கட்டணப் பணம் பிள்ளையின் கைக்கு வராது. நேரே பயிற்சி நிலையத்துக்குப் போய்விடும். இங்கேதான் கவனம் வேண்டும். பணத்தைக் கண்ணால் பார்க்காததால் அது கடன் என்பதே பலருக்கு உறைப்பதில்லை.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன்னே நாலு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா? திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே., அங்கீகாரம் கொடுத்திருக்க வேண்டும். நிலையத்துக்கு மொத்தமாக அங்கீகாரம் இருக்கிறது என்றால் போதாது. இன்ன தொழில், இன்ன படி என்று தனித்தனியாகத்தான் கொடுப்பார்கள். வெல்டிங்குக்கு வாங்கியதைக் காட்டிக் குளிர்சாதனப் படிப்புக்கு ஆள் சேர்க்க முடியாது. சந்தேகம் வந்தால் ஜே.பி.கே. அலுவலகத்திலேயே கேட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு தாங்கும்? தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு, சாமான் செலவு எல்லாவற்றையும் கணக்குப் போடுங்கள். "எல்லாம் இலவசம்" என்று வாயால் சொன்னதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் கொடுப்பார். மற்றவர் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்.

மூன்றாவது கேள்வி: இதே படிப்பு அரசாங்க நிலையத்தில் இல்லையா? மனிதவள இலாகாவின் தொழிற்பயிற்சி நிலையங்கள் பல மாநிலங்களில் இருக்கின்றன. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. முதலில் அங்கே மனுப் போடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பிறகு தனியாரைப் பார்க்கலாம். எஸ்.எல்.டி.என். என்கிற இன்னொரு முறையும் உண்டு. அதில் பிள்ளை பெரும்பகுதி நேரம் கம்பெனியிலே வேலை பழகிக்கொண்டு, மீதி நேரம் வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கலாம்.

நான்காவது கேள்வி: இந்தக் கடன் யார் பேரில், எப்போது கட்டத் தொடங்க வேண்டும், பாதியில் நின்றால் என்ன? ஒப்பந்தம் மலாய் மொழியில் பல பக்கம் இருக்கும். புரியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து, பள்ளி ஆசிரியரிடமோ சங்கக் கிளைச் செயலாளரிடமோ காட்டுங்கள். ஜாமீன் கையெழுத்து கேட்டால், பிள்ளை கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ஒரு கணக்கு பாருங்கள். பேச்சுக்கு 12,000 வெள்ளி கடன் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 வெள்ளி கட்டினால் 120 மாதம். அதாவது பத்து வருஷம். அதற்கு மேல் சேவைக் கட்டணம் வேறு. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் கையில் தொழில் இருக்கிற பிள்ளைக்கு இது மலையும் இல்லை. அதே தோட்டத்து லயத்தில் இன்னொரு பையன் இதே மாதிரிக் கடனில் வெல்டிங் மூன்றாம் படி முடித்தான். இன்று பாசிர் கூடாங்கில் வேலை. மாதம் தவறாமல் தவணை கட்டுகிறான், வீட்டுக்கும் அனுப்புகிறான். இரண்டு பையன்களும் ஒரே பள்ளி. ஒருவன் அப்பா மூன்று நாள் அலைந்து விசாரித்தார். இன்னொருவனுக்கு அப்பா இல்லை. விசாரிக்க ஆள் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஆள் இல்லாத வீட்டுக்கு ஆளாக நிற்கத்தானே சங்கம் இருக்கிறது?

இன்னொன்று. இந்தக் கடன் குடிமக்களுக்குத்தான். பிறப்புப் பத்திரம், நீல அடையாளக் கார்டு சரியாக இல்லாத பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பதினெட்டு வயது வந்தபிறகு ஓடாமல், இன்றைக்கே தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள்.

அந்த அம்மாவின் கடிதம் என்னவாயிற்று? பையனைக் கடன் அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். கடன் தள்ளுபடி ஆகவில்லை. ஆனால் சிறு தவணையாகக் கட்ட வழி பிறந்தது. பையன் இப்போது பட்டணத்தில் ஏர்கான் கடையில் எடுபிடியாக இருக்கிறான். முடிக்காத படிப்புக்கு மாதாமாதம் கட்டுகிறான். "கடிதம் வந்த அன்றைக்கே ஓடிப்போய்க் கேட்டிருந்தால் இவ்வளவு நின்றிருக்காது" என்றார் அங்கிருந்த அலுவலர். கடிதத்தை ஒளித்து வைத்தால் கடன் ஒளியாது, தோழர்களே.

1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் தாய் தகப்பன்மார் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டமே வாங்கிக் காட்டினார்கள். தவணை கட்டுவது நமக்குப் புதிதல்ல. எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும், அவ்வளவே. ஆத்திலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். பிள்ளை படிப்புக்குப் போடுகிற கையெழுத்தையும் அளந்தே போடுவோம்.