அஞ்சல் உறையும் ஒரு பொருளாதார ஆவணமே

அஞ்சல் தலை சேகரிப்பது மாணவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் கருதி வருகின்றனர். நாட்டுவாரியாகவும் வண்ணவாரியாகவும் தலைகளை அடுக்கி வைப்பதோடு அப்பொழுதுபோக்கு முடிந்துவிடுகிறது. ஆயின், கட்டண விகிதம், வரி, போக்குவரத்து, அரசின் கொள்கை ஆகிய நான்கையும் ஒருங்கே பதிவு செய்து வைத்திருக்கும் ஆவணங்கள் மிகச் சிலவே. பயன்படுத்தப்பட்ட அஞ்சல் உறை அத்தகைய ஆவணங்களுள் ஒன்று. உறையிலிருந்து தலையைப் பிரித்தெடுக்கும்போது அந்த ஆவணம் அழிந்து, ஒரு படம் மட்டுமே எஞ்சுகிறது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டணம் சொல்லும் வரலாறு

ஆசியாவிலேயே முதன்முதலாக ஒட்டும் அஞ்சல் தலைகள் 1852 ஜூலை 1 அன்று சிந்து மாகாணத்தில் வெளியிடப்பட்டன. அவற்றின் விலை அரை அணா. எனினும், நாடு முழுவதற்குமான மாற்றம் 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே ஏற்பட்டது. அதற்கு முன்னர்க் கடிதத்தின் எடையோடு, அது செல்ல வேண்டிய தொலைவையும் கணக்கிட்டே கட்டணம் வசூலிக்கப்பட்டது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதத்தை அனுப்ப ஒரு ரூபாய் ஆயிற்று. 1854 அக்டோபர் முதல் தொலைவு என்ற அளவுகோல் நீக்கப்பட்டது. கால் தோலாவுக்கு அரை அணா, அரை தோலாவுக்கு ஓர் அணா, ஒரு தோலாவுக்கு இரண்டு அணா என்று நாடெங்கும் ஒரே கட்டணம் விதிக்கப்பட்டது. கல்கத்தா–பம்பாய்க் கட்டணம் இவ்வாறு எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. முன்கூட்டிக் கட்டணம் செலுத்தப்படாத கடிதத்திற்கு, பெறுபவரிடம் இரு மடங்கு வசூலிக்கப்பட்டது.

அக்கால உறை ஒன்றில் காணப்படும் ஓர் அணாத் தலையும் இரு ஊர்களின் முத்திரைகளும் இச்சீர்திருத்தத்தின் நேரடிச் சான்றுகளாகும். எந்த நாளில் அனுப்பப்பட்டது, எத்தனை நாளில் சேர்ந்தது என்பவற்றை முத்திரைகள் காட்டுகின்றன. ஒரே வழித்தடத்தைச் சேர்ந்த பல ஆண்டு உறைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இரயில் பாதை வந்த பின்னர் அப்பகுதியில் கடிதப் போக்குவரத்து எவ்வளவு விரைவடைந்தது என்பதையும் கணித்துவிடலாம். நீரில் ஊறவைத்துப் பிரித்த தலை இவற்றுள் எதையும் கூறாது.

ஐந்து பைசாவில் ஒரு தேசியக் கடமை

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1971-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவில் தஞ்சம் புகுந்தனர். அவர்களைப் பராமரிக்கும் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்ட, அஞ்சல்கள் மீது 5 பைசா கூடுதல் வரி விதிக்கப்பட்டது. எளிய மக்களின் சாதனமான அஞ்சலட்டைக்கும், செய்தித்தாள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை இவ்வரி நடைமுறையில் இருந்தது.

வரியை உடனே வசூலிக்க வேண்டியிருந்தமையால், புழக்கத்திலிருந்த 5 பைசாக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மீதே "அகதிகள் நிவாரணம்" என்னும் பொருள்பட இந்தியிலும் ஆங்கிலத்திலும் மேலச்சிடப்பட்டது. அத்தலைகள் எல்லா அஞ்சலகங்களுக்கும் உரிய காலத்தில் போய்ச் சேர இயலவில்லை. எனவே, உள்ளூரிலேயே முத்திரை செய்து பயன்படுத்திக்கொள்ள அஞ்சல் அதிகாரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. ரப்பரிலும் உலோகத்திலும் மரத்திலும் முத்திரைகள் தயாராயின. டிசம்பர் 1 அன்று இதற்கெனவே அச்சிடப்பட்ட தனித் தலை வெளிவந்தது.

நெருக்கடிக் காலத்தில் நாடு தழுவிய ஒரு நிர்வாக இயந்திரம் எவ்வாறு இயங்கிற்று, மத்திய அரசின் ஆணையைக் கடைக்கோடி அஞ்சலகம் எவ்வாறு தன் கையிலிருந்த கருவிகளைக் கொண்டு நிறைவேற்றிற்று என்பதற்கு அந்த இரண்டு வாரக் கால உறைகளே சாட்சி. இங்கு மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ரப்பர் முத்திரையைப் பின்னாளில் எவரும் போலியாகச் செய்துவிட முடியும். உறையோடு இணைந்து, ஊரும் நாளும் தெளிவாகத் தெரியும் முத்திரையோடு இருந்தாலன்றி அத்தலை உண்மையானது என்று நிறுவுவது கடினம். ஆவண மதிப்பும் சேகரிப்பு மதிப்பும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

திட்டங்களின் சித்திரம்

தலைகளில் பொறிக்கப்படும் படங்களும் கொள்கையைப் பறைசாற்றுபவையே. 1955 ஜனவரி 26 அன்று வெளியான ஐந்தாண்டுத் திட்டத் தொடரில் டிராக்டர், தாமோதர் பள்ளத்தாக்கு அணை, மலேரியா ஒழிப்பு, சித்தரஞ்சன் இரயில் எஞ்சின் தொழிற்சாலை, சிந்திரி உரத் தொழிற்சாலை ஆகியவை இடம்பெற்றன. அதே தொடரில் கைத்தறியும், நூல் நூற்கும் பெண்ணும், ஏற்றம் இறைக்கும் காளைகளும் இருந்தன. கனரகத் தொழிலையும் குடிசைத் தொழிலையும் உடன்கொண்டு செல்ல விழைந்த அன்றைய சிந்தனையை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணய முறை வந்தபோது, அணாவில் விலை குறித்த தலைகளின் இடத்தில் நயா பைசாவில் விலை குறித்த தலைகள் வெளியாயின.

சரிபார்க்கும் வழிகள்

ஓர் உறையைப் படிப்பதற்கு அக்காலக் கட்டண விகிதங்களும் விதிகளும் தெரிந்திருத்தல் அவசியம். இதற்கு முன்னர்ப் பெரு நகர நூலகங்களையே நாட வேண்டியிருந்தது. இன்று இணையம் அச்சிரமத்தைப் பெரிதும் குறைத்துள்ளது. ஜெஃப்ரி கிளார்க் 1921-இல் எழுதிய இந்திய அஞ்சலக வரலாற்று நூலை இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகப் படிக்கலாம். உலக அஞ்சல் ஒன்றியம் 2002 முதல் பராமரித்துவரும் பதிவேட்டில், உறுப்பு நாடுகள் முறையாக வெளியிட்ட தலைகள் எண்ணிட்டுப் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒரு நாட்டின் பெயரால் சந்தைக்கு வரும் போலித் தலைகளை இனம் காண இது உதவும். புது டில்லி தாக் பவனிலுள்ள தேசிய அஞ்சல் தலை அருங்காட்சியகம் நேரில் காணத்தக்கது. விற்பனைத் தளங்களில் காணும் படங்களையும் விலைகளையும் மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது.

பள்ளி மாணவர்களிடையே இவ்வார்வத்தை வளர்க்க 2017-இல் அஞ்சல் துறை 'ஸ்பர்ஷ்' என்னும் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயில்வோருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என அதில் வகுக்கப்பட்டது.

அலுவலர்களின் பொறுப்பு

அலுவலகப் பழங்கோப்புகளில் ஏராளமான உறைகள் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றிலிருந்து தலைகளைக் கிழித்தெடுப்பதும், கோப்புகளைக் கழிக்கும்போது உறைகளை முதலில் அப்புறப்படுத்துவதும் நாம் அறிந்த பழக்கங்களே. கோப்பில் உள்ள உறை பொதுச் சொத்து. அது எவருடைய தனிச் சேகரிப்புக்கும் உரியதன்று. 1993-ஆம் ஆண்டுப் பொதுப் பதிவேடுகள் சட்டம், மத்திய அரசு அலுவலகப் பதிவேடுகளை உரிய நடைமுறையின்றி அழிப்பதைத் தடை செய்கிறது. 1892-ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றுக்குச் சிறப்புப் பாதுகாப்பும் அளிக்கிறது.

தந்திச் சேவை 2013-இல் முடிவுற்றது. பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. கடித உறைகள் அருகிவரும் இக்காலத்தில், எஞ்சியிருப்பவற்றின் மதிப்பு உயர்ந்துகொண்டே போகும். ஆகவே, மாணவர்கள் நீர்க் கிண்ணத்தை ஒதுக்கிவைத்து, வீட்டிலுள்ள பழைய உறைகளை முழுமையாகப் பாதுகாத்து, அவற்றின் நாள், ஊர், கட்டணம் ஆகியவற்றைக் குறித்துவைக்கத் தொடங்குவார்களாக. அலுவலர்களும் கழிவுக் கட்டுக்கு ஒப்புதல் அளிக்கும் முன்னர் அதனை ஒருமுறை பிரித்துப் பார்த்தல் நலம்.