மின்னி பே: நிலம் தாழ்ந்த பிறகு ஒரு கண்டல் காடு

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் துறைமுகம், ஹேடோ, ஜங்லிகாட், மின்னி பே எனப் பல சிறு குடாக்களாகப் பிரிந்து நிலத்துக்குள் புகுந்து கிடப்பதால், திறந்த கடலின் அலைவேகம் அங்கே அடங்கி, ஓதம் மட்டும் ஏறி இறங்கும் சேற்றுக் கரைகள் உருவாகியுள்ளன. இத்தகைய கரையைப் பற்றி வளர்வனவே கண்டல் காடுகள். இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் 4,992 சதுர கிலோமீட்டர் கண்டல் பரப்பில் 616 சதுர கிலோமீட்டர் அந்தமான் நிக்கோபாரில் இருக்கிறது; பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் உள்ளடக்கிய தமிழ்நாட்டின் பங்கோ 45 சதுர கிலோமீட்டர்தான்.

கண்டலின் வாழ்வை உப்பைவிட நீர்மட்டமே அதிகம் தீர்மானிக்கிறது. காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிட முடியாது என்பதால், சுரபுன்னை வகை மரங்கள் தண்டிலிருந்து வளைந்திறங்கும் முட்டுவேர்களையும், வெண்கண்டல் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலெழும் மூச்சுவேர்களையும் வளர்த்துக்கொள்கின்றன. அவ்வேர்களின் பட்டையில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நுண்துளைகள், நீர் வற்றும் வேளையில் காற்றை உள்ளிழுத்துச் சேற்றுக்கடியில் இருக்கும் வேர்களுக்கு அனுப்புகின்றன. நீர் ஏறியதும் அந்த உள்ளிழுப்பு நின்று, சேமித்த காற்றைக் கொண்டே மரம் சில மணி நேரத்தைக் கடத்துகிறது. ஆகவே, சராசரிக் கடல்மட்டத்துக்கும் உயர் ஓத மட்டத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டையில்தான் இம்மரங்கள் பெரும்பாலும் நிலைக்கின்றன.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் அந்தப் பட்டையையே இடம் மாற்றிவிட்டது. அன்றைய சுனாமியில், பிச்சாவரக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியதிலிருந்து, கண்டல் என்றாலே அலையைத் தடுக்கும் அரண் என்ற பேச்சு பரவலானது. அதில் உண்மை உண்டு என்றாலும், அந்தமானில் நடந்ததற்கு அது போதிய விளக்கம் ஆகாது. இங்கே அலை வந்து திரும்பியதோடு விஷயம் முடியவில்லை, தீவுகளே சாய்ந்தன. வட அந்தமானில் நிலம் உயர்ந்ததால் ஓதம் எட்டாமல் காடுகள் காய்ந்தன. தெற்கே கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. போர்ட் பிளேரைச் சுற்றியுள்ள தென் அந்தமான் நிலம் ஏறக்குறைய 1 மீட்டர் இறங்கியது. பெரிய ஓத நாள்களிலேயே நீர் ஏறி இறங்கும் உயரம் சுமார் 2 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த 1 மீட்டரின் கனம் விளங்கும்: முன்பு நாள்தோறும் வெளியே தெரிந்த வேர்கள் நீரைவிட்டு வெளிவராமலே போயின; மூச்சுத் துளைகள் அடைபட்ட மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயின.

ஆனால் கடல் ஏறிய இடத்தில் காடும் ஏறத் தொடங்கியது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் பச்சை நாற்றாக முதிர்ந்த பின்பே உதிர்கிறது. விழுந்த நாற்று வாரக்கணக்கில் மிதந்து, மெல்ல நீரை உறிஞ்சிச் செங்குத்தாகி, கூர்முனை சேற்றைத் தொட்ட இடத்தில் வேர் விடுகிறது. உப்புநீர் புகுந்து பயிரிட முடியாமல் கைவிடப்பட்ட, போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட் வயல்களில் கண்டல்கள் குடியேறியது இந்த வழியில்தான். அங்கே நிலம் தட்டையாகக் கிடந்ததால் காட்டுக்குப் பின்வாங்க இடம் கிடைத்தது. நகரத்துக்குள்ளேயே இருக்கும் மின்னி பே போன்ற குடாவில் அந்த வசதி குறைவு. கரைக்குப் பின்னால் சாலையோ சுவரோ கட்டடமோ எழுந்துவிட்டால், மிதந்து வரும் நாற்றுக்கு ஊன்ற இடமிராது. குடாவில் கலக்கும் நகரக் கழிவுநீரும், ஓதத்தோடு வந்து மூச்சுவேர்களைச் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக்கும் எஞ்சிய மரங்களை மேலும் வருத்துகின்றன.

தீவுகளுக்கான 2019ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கண்டல் நிற்கும் இடத்தை மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய பிரிவில் வைத்திருக்கிறது. அது இன்று மரம் நிற்கும் நிலத்துக்கான காப்பு. கடல்மட்டம் உலகெங்கும் உயர்ந்துவரும் காலத்தில், மரம் நாளை ஏற வேண்டிய நிலத்தையும் வரைபடத்தில் இப்போதே குறித்து வைப்பது மின்னி பேக்கு அவசரத் தேவை. அந்த நிலத்தில் ஒருமுறை கான்கிரீட் ஊற்றிவிட்டால் எந்த நாற்று நடும் திட்டமும் அதை ஈடுசெய்யாது.