எண் ஏறாத விசை! காரணம் என்ன?

கம்ப்யூட்டரில் ஒரே ஒரு விசையைத் தட்டுகிறீர்கள். மறுகணம் கடையின் பெயர், முகவரி, தேதி, ரசீது எண் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கின்றன!

இது மந்திரம் அல்ல. இதற்கு "மேக்ரோ" என்று பெயர். நூறு விசைகளைத் தட்டிச் செய்யும் வேலையை ஒரு விசையிடம் ஒப்படைப்பதுதான் மேக்ரோ.

இதற்கு உதவும் மென்பொருள்களில் ஒன்று "ஆட்டோஹாட்கீ". கிறிஸ் மாலெட் என்பவர் 2003-ம் ஆண்டில் இதை வெளியிட்டார். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது வேலை செய்யும். இலவசமாகவே கிடைக்கிறது.

செய்யவேண்டிய வேலைகளை வரி வரியாக எழுதிக் கொடுத்தால் போதும். அந்த எழுத்துக்கு "ஸ்கிரிப்ட்" என்று பெயர்.

மறுபடியும் 1!

ஒரு கடைக் குமாஸ்தா இப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "எஃப்9" விசையைத் தட்டும்போதெல்லாம் ரசீது எண் ஒன்று கூடவேண்டும்.

தட்டுகிறார். 1 வருகிறது. மறுபடி தட்டுகிறார். மறுபடியும் 1!

பத்து வாடிக்கைக்காரர்களுக்கும் 1-ம் எண் ரசீது! மாலையில் கணக்குப் பார்க்கும்போது எந்தப் பணம் யாருடையது? முதலாளியின் கோபம் குமாஸ்தாவின் மேல்தான் திரும்பும்.

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா? இல்லை!

சிலேட்டும் கரும்பலகையும்

ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அது எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு அறையிலும் ஒரு சிலேட்டு இருக்கிறது. அது அந்த அறைக்கு மட்டும் சொந்தம். அறையில் வேலை முடிந்ததும் சிலேட்டைத் துடைத்துவிட வேண்டும்.

வீடுதான் ஸ்கிரிப்ட். அறைகளுக்கு "ஃபங்ஷன்" என்று பெயர். ஒவ்வொரு ஃபங்ஷனும் ஒரு வேலையைச் செய்யும். எண்ணை எழுதி வைக்கும் இடம் "வேரியபிள்". சிலேட்டில் இருந்தால் அது "லோக்கல்". கரும்பலகையில் இருந்தால் "குளோபல்".

குமாஸ்தா, தொடக்க எண்ணைக் கூடத்துப் பலகையில் எழுதினார். கூட்டும் வேலையை ஒரு அறையில் வைத்தார். அந்த அறையோ, அதே பெயரில் தன் சிலேட்டில் எழுதியது. வேலை முடிந்ததும் துடைத்துவிட்டது! அடுத்த முறை இருப்பது வெறும் சிலேட்டு. ஒன்றும் இல்லாததோடு 1-ஐக் கூட்டினால் 1தானே வரும்?

பெயர் ஒன்று, ஆள் வேறு. இதுதான் ரகசியம்!

ஒரு சொல் போதும்

இதற்குப் பரிகாரம் எளிது. ஃபங்ஷனின் உள்ளே, முதல் வரியில் "குளோபல்" என்று எழுதி, பக்கத்தில் வேரியபிளின் பெயரையும் எழுதவேண்டும். "கூடத்துப் பலகையைத்தான் சொல்கிறேன்" என்று அதற்கு அர்த்தம். பிறகு 1, 2, 3 என்று எண் ஏறும்.

ஆட்டோஹாட்கீயின் 2-ம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. பழைய பதிப்பு பேசாமல் 1-ஐ அடித்துவிடும். புதிய பதிப்பு அப்படி விடாது. "இந்த வேரியபிளில் ஒன்றும் இல்லையே" என்று எச்சரிக்கும். இதில் பலகையைப் பார்ப்பதற்கு மட்டும் "குளோபல்" என்று எழுதத் தேவை இல்லை. அதில் உள்ளதை மாற்றுவதற்குத்தான் எழுதவேண்டும்.

எல்லாவற்றையும் பலகையில் எழுதலாமா?

கூடாது! பொதுப் பலகையை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். "எண்" என்ற பெயரையே இரண்டு ஃபங்ஷன்கள் இரண்டு காரியத்துக்குப் பயன்படுத்தினால், ஒன்று எழுதியதை மற்றொன்று கெடுத்துவிடும். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க ஸ்கிரிப்ட் முழுவதையும் படிக்கவேண்டும்.

ஆகவே, பலருக்கும் தேவையானதை மட்டும் பலகையில் எழுதுங்கள். ஒரே ஃபங்ஷனுக்கு மட்டும் பழைய எண் நினைவில் இருக்கவேண்டுமானால், "ஸ்டாடிக்" என்று எழுதுங்கள். அது துடைக்காத சிலேட்டு!

பெயரும் தெளிவாக இருக்கட்டும். "ரசீது_எண்" என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆட்டோஹாட்கீ அதை ஏற்றுக்கொள்ளும்.

மறுநாள் காலை

ஒரு எச்சரிக்கை. ஸ்கிரிப்ட் நின்றால் கூடத்துப் பலகையும் அழிந்துவிடும். மறுநாள் காலையில் மீண்டும் 1 வரும்!

எனவே, ஒவ்வொரு ரசீது போட்டதும் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். காலையில் அந்தக் கோப்பைப் படித்துத் தொடங்கட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் கணக்குப் போகாது!